பட்டியலில் இல்லாத சால்வை

2014 செப்டம்பரில் லண்டனிலிருந்து ஒரு செய்தி கிளம்பி, ஒரே நாளில் உலகத்தைச் சுற்றி வந்தது. ‘ஜாக் த ரிப்பர்’ யாரென்று கண்டுபிடித்துவிட்டார்களாம்! 126 வருஷங்களாக ஸ்காட்லாண்ட் யார்டுக்குத் தண்ணி காட்டிய கொலைகாரனை, ஒரு பழைய பட்டுச் சால்வையும் டி.என்.ஏ. சோதனையும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிட்டனவாம்!

சால்வையில் ரத்தக்கறை. அது ரிப்பரின் கத்திக்குப் பலியான கேத்தரின் எட்டோஸ் என்ற பெண்ணுடையது. அதே சால்வையில் இன்னொரு கறை. அது கொலைகாரனுடையது. அவன் பெயர் ஆரன் காஸ்மின்ஸ்கி. போலந்திலிருந்து பிழைக்க வந்த யூத இளைஞன், முடிதிருத்தும் தொழிலாளி. கேஸ் முடிந்தது. ஃபைலை மூடிவிடலாம்.

மூடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். நாம் விசாரிக்க வேண்டிய சாட்சி ஒன்று பாக்கி இருக்கிறது. அது ஓர் ஆள் அல்ல, ஒரு பட்டியல்! 1888 செப்டம்பர் 30-ம் தேதி, கேத்தரினின் உடலிலும் பைகளிலும் என்னென்ன இருந்தன என்று லண்டன் போலீஸார் எழுதிவைத்த சாமான் பட்டியல். அதில் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த வருஷத்து லண்டனுக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாம்.

*

நாலு பென்னி. இந்தக் கதை தொடங்குவது அந்த நாலு பென்னியில்தான்.

லண்டனின் கிழக்குக் கோடியில் இருந்த ஒயிட்சேப்பல் பகுதியில் வீடு என்று ஒன்று இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்காகவே மலிவு விலைத் தங்கும் விடுதிகள். 233 விடுதிகள், அவற்றில் சுமார் எட்டரையாயிரம் பேர் என்பது அன்றைய போலீஸ் கணக்கு. ஒரு ராத்திரிப் படுக்கைக்கு வாடகை நாலு பென்னி. கையில் காசிருந்தால் கட்டில். இல்லையென்றால் தெரு. இவ்வளவுதான் சட்டம்.

1888 ஆகஸ்ட் 31, வெள்ளிக்கிழமை. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல், 43 வயதான மேரி ஆன் நிக்கல்ஸ் என்ற பெண்ணிடம் அந்த நாலு பென்னி இல்லை. எல்லோரும் ‘பாலி’ என்று கூப்பிடும் அவர், ஐந்து பிள்ளைகள் பெற்றவர். அச்சுத் தொழிலாளியான கணவரைப் பிரிந்து, குடிக்குப் பழகி, வொர்க்ஹவுஸ் எனப்படும் அரசு ஏழைகள் விடுதிகளில் மாறி மாறிக் கிடந்தவர். விடுதியை விட்டு வெளியே அனுப்பப்பட்டபோது அவர் அழவில்லை. தன் தலையிலிருந்த புதுத் தொப்பியைக் காட்டி, ‘இது இருக்க எனக்கென்ன கவலை, படுக்கைக் காசு சீக்கிரமே தேறிவிடும்’ என்ற தோரணையில் சிரித்துவிட்டுத்தான் போனார். இரண்டரை மணிக்கு ஒரு தோழி அவரைத் தெருமுனையில் பார்த்தார். மூன்று முறை காசு சேர்ந்தும் மூன்று முறையும் குடித்தே தீர்த்துவிட்டதாகச் சொன்னாராம் பாலி.

மூன்று நாற்பதுக்கு, பக்ஸ் ரோ என்ற இருட்டுத் தெருவில் வண்டிக்காரர் ஒருவர் அவரைப் பார்த்தார். கழுத்து அறுபட்டுக் கிடந்தார் பாலி. அடிவயிற்றிலும் கத்திக் காயங்கள். அதைக்கூட இருட்டில் யாரும் கவனிக்கவில்லை. சவக்கிடங்கில் ஆடையை அகற்றியபோதுதான் தெரிந்தது.

இறந்தது யார் என்பதே முதலில் தெரியவில்லை. சொன்னது எது தெரியுமா? பாலியின் உள்பாவாடை! லாம்பெத் வொர்க்ஹவுஸின் சலவைக் குறி அதில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் பெயரைக் கண்டுபிடித்தார்கள். ஆனால், அதே சவக்கிடங்கில் ஒரு கோளாறும் நடந்தது. உடலைத் தொடக்கூடாது என்று உத்தரவு இருந்தும், வொர்க்ஹவுஸ்வாசிகள் இரண்டு பேர் ஆடைகளைக் கழற்றி உடலைக் கழுவிவிட்டார்கள். இந்த வழக்கில் தடயம் அழிவது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

*

எட்டே நாள். செப்டம்பர் 8, சனிக்கிழமை. இந்த முறை ஆனி சாப்மன், வயது 47. உடம்பு சரியில்லாமல் நொந்துபோயிருந்தவர். அவரிடமும் படுக்கைக் காசு இல்லை. ‘என் கட்டிலை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், வந்துவிடுகிறேன்’ என்று சொல்லிவிட்டு இரண்டு மணிவாக்கில் வெளியே போனார். காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால், ஹான்பரி தெரு 29-ம் எண் வீட்டின் கொல்லைப்புறத்தில் பிணமாகக் கிடந்தார். அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் 17 பேர். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை!

இங்கேதான் விசாரணையின் முதல் பெரிய சிக்கல். ஆனி இறந்தது எத்தனை மணிக்கு? உடலைப் பார்த்த டாக்டர் ஃபிலிப்ஸ், நாலரை மணிக்கு முன்பே உயிர் போயிருக்க வேண்டும் என்றார். ஆனால், ஐந்தரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் ஆனி ஓர் ஆளோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக ஒரு பெண் சாட்சி சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், அதே நேரத்தை ஒட்டி, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரலும் வேலி மீது ஏதோ விழுந்த சத்தமும் கேட்டதாகச் சொன்னார். டாக்டர் சரியென்றால் சாட்சிகள் தப்பு. சாட்சிகள் சரியென்றால் டாக்டர் தப்பு. உடல் சூட்டைத் தொட்டுப் பார்த்து நேரம் கணிக்கும் காலம் அது. குளிரான காலை, நிறைய ரத்தம் போன உடல்... கணக்கு தப்ப எல்லா வாய்ப்பும் உண்டு. ஒரு மணி நேர வித்தியாசம் சின்ன விஷயம் அல்ல. கொலைகாரனை நேரில் பார்த்த சாட்சி நம்மிடம் இருக்கிறாரா இல்லையா என்பதே அதில்தான் அடங்கியிருக்கிறது!

கொல்லையில் குழாயடியில் ஒரு தோல் ஏப்ரன் கிடந்தது. அவ்வளவுதான், ஊருக்கு வாயில் அவல் கிடைத்துவிட்டது. ‘லெதர் ஏப்ரன்’ என்ற பட்டப்பெயர் கொண்ட ஒருவன் பெண்களை மிரட்டிப் பணம் பறிக்கிறான் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. ஜான் பைசர் என்ற யூதச் செருப்புத் தொழிலாளியைப் பிடித்தார்கள். விசாரித்தால், இரண்டு கொலை நாட்களிலும் அவர் வேறு இடத்தில் இருந்ததற்குச் சாட்சி இருந்தது. அந்தத் தோல் ஏப்ரன்? அதே வீட்டுப் பெண்மணியின் மகனுடையது. துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள்!

பைசரை விட்டுவிட்டார்கள். ஆனால் ‘இது நம்ம ஆள் செய்கிற வேலை இல்லை, வெளிநாட்டு யூதன் வேலை’ என்று கிளம்பிய முணுமுணுப்பை யார் நிறுத்துவது? இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் சால்வைக் கதையில் இது வரும்.

*

செப்டம்பர் 27-ம் தேதி, சென்ட்ரல் நியூஸ் ஏஜென்சி என்ற செய்தி நிறுவனத்துக்குச் சிவப்பு மையில் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. போலீஸைக் கிண்டல் செய்து, இன்னும் கொலைகள் செய்யப்போவதாக ஜம்பமடித்த அந்தக் கடிதத்தின் கீழே கையெழுத்து: ஜாக் த ரிப்பர். உலகம் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டது இதன் மூலம்தான்.

எழுதியது கொலைகாரன்தானா? ஸ்காட்லாண்ட் யார்டின் மேலதிகாரிகள் சிலரே பிற்காலத்தில், ‘ஒரு பத்திரிகைக்காரரின் கைவேலை’ என்றுதான் கருதினார்கள். பரபரப்பு குறையாமல் இருந்தால்தானே பேப்பர் விற்கும்! போலீஸ் செய்த தப்பு, யாராவது கையெழுத்தை அடையாளம் காட்டமாட்டார்களா என்று அந்தக் கடிதத்தைப் போஸ்டராக அடித்து ஊரெல்லாம் ஒட்டியது. விளைவு? நூற்றுக்கணக்கில் போலிக் கடிதங்கள் வந்து குவிந்தன. அத்தனையையும் படித்து, விசாரித்து, ஒதுக்குவதற்கே ஆட்கள் தேவைப்பட்டார்கள். பெயரில்லாத ஒரு கொலைகாரனுக்குப் பத்திரிகை உலகம் ஒரு பெயர் வைத்தது. அந்தப் பெயரோ இன்றுவரை வியாபாரம் ஆகிக்கொண்டிருக்கிறது.

*

செப்டம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. ஒரே ராத்திரியில் இரண்டு கொலைகள்.

ஒரு மணிக்கு, பெர்னர் தெருவில் ஒரு முற்றத்துக்குள் குதிரை வண்டியை ஓட்டிக்கொண்டு நுழைந்தார் ஒருவர். குதிரை மிரண்டு ஒதுங்கியது. கீழே எலிசபெத் ஸ்ட்ரைட். ஸ்வீடனில் பிறந்தவர், 44 வயது. கழுத்தில் மட்டும் வெட்டு. கொலைகாரன் வேலையை முடிப்பதற்குள் வண்டிச் சத்தம் கேட்டு மறைந்துவிட்டான் என்று பலரும் நினைக்கிறார்கள்.

அதே ஒரு மணிக்கு, பிஷப்ஸ்கேட் போலீஸ் ஸ்டேஷனில் போதை தெளிந்த ஒரு பெண்ணை வெளியே விட்டார்கள். அவர்தான் 46 வயதான கேத்தரின் எட்டோஸ். முந்தின நாள் இரவு எட்டரைக்கு மேல் நடைபாதையில் நிற்க முடியாமல் கிடந்தவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். பெயர் கேட்டபோது, ‘ஒன்றுமில்லை’ என்று பதில் சொன்னாராம்!

இனி நிமிஷக் கணக்கைப் பாருங்கள். ஒன்றரை மணிக்குக் கான்ஸ்டபிள் வாட்கின்ஸ் தன் பீட்டில் மைட்டர் சதுக்கத்தைச் சுற்றிவந்தார். காலியாக இருந்தது. ஒன்று முப்பத்தைந்துக்கு, சதுக்கத்துக்குள் போகும் சந்தின் முனையில் ஓர் ஆணும் பெண்ணும் நிற்பதை லாவெண்ட் என்பவர் பார்த்தார். ஒன்று நாற்பதைத் தாண்டி, அதே சந்தின் முனைவரை வந்து திரும்பினார் இன்னொரு கான்ஸ்டபிள். ஒன்று நாற்பத்தைந்துக்கு வாட்கின்ஸ் மறுபடி வந்து விளக்கை அடித்தார். மூலையில் கேத்தரினின் உடல். முகம் சிதைந்து, வயிறு கிழிந்து, இடது சிறுநீரகம் காணாமல்.

பத்தே நிமிஷம்! சதுக்கத்திலிருந்த கிடங்கில் ராக்காவலர் ஒருவர் விழித்திருந்தார். முன்னாள் போலீஸ்காரர். இன்னொரு வீட்டில் நிஜப் போலீஸ்காரர் ஒருவரே குடும்பத்தோடு தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் இல்லை.

கொலைகாரன் ஒரு தடயத்தை விட்டுச்சென்றான். கேத்தரினின் ஏப்ரனிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துப்போயிருந்தான். அந்தத் துண்டு கோல்ஸ்டன் தெருவில் ஒரு கட்டட வாசலில், ரத்தத்தோடு கிடைத்தது. அதற்கு மேலே சுவரில் சாக்குக் கட்டியால் எழுதிய ஒரு வாசகம். யூதர்களைப் பற்றியது. அது குற்றச்சாட்டா, கிண்டலா, கொலைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா... எதுவும் தெளிவில்லை.

மைட்டர் சதுக்கம் ‘சிட்டி’ போலீஸின் எல்லை. கோல்ஸ்டன் தெரு மெட்ரோபாலிடன் போலீஸின் எல்லை. ‘விடிந்ததும் போட்டோ எடுத்துக்கொள்ளலாம்’ என்றார்கள் சிட்டி போலீஸார். மெட்ரோபாலிடன் கமிஷனர் சார்லஸ் வாரன் தானே நேரில் வந்தார். சந்தைக்குக் கூட்டம் வரும் நேரம். ஜனங்கள் இதைப் பார்த்தால் யூதர்கள் மீது கலவரம் வெடிக்கும் என்று அழிக்கச் சொல்லிவிட்டார். அழித்தாயிற்று. அங்கே நின்ற இரண்டு போலீஸ்காரர்களின் குறிப்புப் புத்தகங்களில் அந்த வாசகம் இரண்டு விதமாக இருக்கிறது! வாரனைத் திட்டித் தீர்த்தவர்கள் ஏராளம். ஆனால், பைசரின் கதையை நினைத்துப் பார்த்தால், கலவரம் வரும் என்ற அவர் பயத்தை வெறும் பயம் என்று தள்ளிவிட முடியவில்லை.

*

போலீஸ் சும்மா இருந்துவிடவில்லை. 80,000 துண்டுப் பிரசுரங்களை வீடு வீடாகக் கொடுத்தார்கள். 2,000 பேருக்கு மேல் விசாரித்தார்கள். 80 பேரைப் பிடித்து வைத்தார்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அன்றைக்குக் கைரேகை கிடையாது. மனித ரத்தமா, மாட்டு ரத்தமா என்று பிரித்துச் சொல்லும் சோதனை கிடையாது. இறைச்சிக் கடைகள் நிறைந்த பேட்டையில் ரத்தக்கறைச் சட்டையோடு நடந்துபோகிறவனைப் பார்த்து யார் சந்தேகப்படுவது?

கைரேகை விஷயத்தில் ஒரு வேடிக்கை. இந்த யோசனை அப்போதே நம் நாட்டில் உலவிக்கொண்டிருந்தது! வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, 1858-லேயே ஓர் ஒப்பந்தக்காரரின் கைப்பதிவைப் பத்திரத்தில் வாங்கினார். ஹென்றி ஃபால்ட்ஸ் என்ற டாக்டர், குற்றவாளிகளை ரேகையால் கண்டுபிடிக்கலாம் என்று 1880-ல் எழுதினார். ஸ்காட்லாண்ட் யார்டிடமும் எடுத்துச்சொல்லிப் பார்த்தார். காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் கல்கத்தாவில் அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பில் உருவான முறைதான் 1901-ல் லண்டனுக்குப் போனது. ரிப்பர் கதை முடிந்து பதிமூன்று வருஷம் கழித்து!

ஆம், கதை முடிந்துவிட்டிருந்தது. 1888 நவம்பர் 9 காலை, மில்லர்ஸ் கோர்ட் 13-ம் எண் அறை. வாடகை பாக்கி 29 ஷில்லிங்கை வசூலிக்கப் போன ஆள், உடைந்த ஜன்னல் வழியாகத் திரையை விலக்கிப் பார்த்தார். உள்ளே 25 வயது மதிக்கத்தக்க மேரி ஜேன் கெல்லி. நான்கு சுவருக்குள் கொலைகாரனுக்கு நேரம் நிறையக் கிடைத்திருந்தது. அதற்கு மேல் வேண்டாம். செய்தி கேட்டு வந்த போலீஸார் கதவைத் திறக்காமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே காத்து நின்றார்கள். எதற்கு? மோப்ப நாய்கள் வரும் என்று! அந்த நாய்கள் லண்டனிலேயே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நாய்களை வரவழைக்க வேண்டிய கமிஷனர் வாரன், முந்தின நாள்தான் ராஜினாமா செய்திருந்தார்.

அதன் பிறகும் ஒயிட்சேப்பலில் கொலைகள் நடந்தன. போலீஸ் ஃபைலில் 1888 முதல் 1891 வரை மொத்தம் பதினோரு பெண்கள். ஆனால், இந்த ஐவர்தான் ஒரே கையால் இறந்தவர்கள் என்பது பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு.

*

‘அப்படியானால் யார்தான் அவன்?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பதில்களுக்குப் பஞ்சமே இல்லை!

விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் என்றார்கள். இரட்டைக் கொலை நடந்தபோது அவர் ஸ்காட்லாந்தில் இருந்தது அரண்மனைக் குறிப்பில் இருக்கிறது. ஓவியர் வால்டர் சிக்கர்ட் என்று 2002-ல் அமெரிக்க நாவலாசிரியை பாட்ரீஷியா கார்ன்வெல் தடித்த புத்தகமே போட்டார். சிக்கர்ட் அந்த செப்டம்பரில் பெரும்பாலும் பிரான்சில் இருந்ததாகத் தெரிகிறது. 1992-ல், மேபிரிக் என்ற பருத்தி வியாபாரி எழுதியதாக ஒரு டைரி கிளம்பியது. அதை வெளியே கொண்டுவந்தவரே ‘நான்தான் எழுதினேன்’ என்று ஒப்புக்கொண்டு, பிறகு ‘இல்லை’ என்று பல்டி அடித்தார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் ரிப்பர் ஆராய்ச்சியாளர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

சரி, போலீஸாவது சரியாகச் சொன்னதா? 1894-ல் மெல்வில் மக்நாட்டன் என்ற உயரதிகாரி மூன்று பெயர்களை எழுதிவைத்தார். அவர் யார் தெரியுமா? வங்காளத்தில் அப்பாவின் எஸ்டேட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 1889-ல்தான் யார்டில் சேர்ந்தவர். கொலைகள் நடந்தபோது அவர் போலீஸிலேயே இல்லை!

அவர் சொன்ன முதல் ஆள் ட்ரூயிட். தேம்ஸ் நதியில் பிணமாகக் கிடைத்தவர். 41 வயது டாக்டர் என்று எழுதினார் மக்நாட்டன். உண்மையில் அவர் 31 வயது வக்கீல், பள்ளி ஆசிரியர். அவர் எழுதிய மூன்றாவது ஆள் ஆஸ்ட்ராக். அவர் கொலைகள் நடந்த சமயம் பிரான்சில் சிறையில் இருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. இரண்டாவதாக எழுதியிருந்த ஆள்தான் காஸ்மின்ஸ்கி. முழுப்பெயர்கூட இல்லை. வெறும் ‘காஸ்மின்ஸ்கி, போலந்து யூதன்’.

வழக்கைக் கையாண்ட ஸ்வான்சன் என்ற அதிகாரியும் ஒரு புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் அதே பெயரைக் கிறுக்கியிருந்தார். அந்த ஆள் மனநல விடுதிக்குப் போய்ச் சீக்கிரமே செத்துப்போனான் என்றும் எழுதியிருந்தார். இந்தக் கிறுக்கல் 1987-ல் வெளியே வந்தது. விடுதிப் பதிவேடுகளைத் தேடிய ஆராய்ச்சியாளர்களுக்கு ஆரன் காஸ்மின்ஸ்கி கிடைத்தார். 1891-ல் உள்ளே போனவர். ஆனால் சீக்கிரம் சாகவில்லை. 1919 வரை உயிரோடு இருந்தார்! காதில் குரல்கள் கேட்பதாகச் சொல்லி, பிறர் கையால் சாப்பிட மறுத்து, 28 வருஷம் அடைபட்டுக் கிடந்தவர். பிறருக்கு ஆபத்தில்லாதவர் என்றே அவரைப் பற்றிய குறிப்பு சொல்கிறது. அவர்தான் போலீஸ் சொன்ன காஸ்மின்ஸ்கியா என்பதே சந்தேகம். அவர்தான் ரிப்பரா என்பது அதற்கும் அப்பால்.

*

இப்போது சால்வைக்கு வருவோம்.

ஆமோஸ் சிம்சன் என்ற போலீஸ்காரர், மைட்டர் சதுக்கத்தில் கேத்தரினின் உடலருகே கிடந்த இதை மனைவிக்காக எடுத்துப்போனார் என்பது குடும்பத்தில் சொல்லப்பட்ட கதை. 2007-ல் ஏலத்துக்கு வந்தபோது ரஸல் எட்வர்ட்ஸ் என்ற வியாபாரி வாங்கினார். யாரி லோஹலைனன் என்ற விஞ்ஞானி சோதித்தார். 2014-ல் எட்வர்ட்ஸ் புத்தகம் போட்டார்.

அந்தப் புத்தகத்தில், சால்வையில் கண்ட ஒரு மரபணு மாற்றம் 2,90,000 பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும் என்று சொல்லப்பட்டது. நிபுணர்கள் பார்த்தார்கள். மரபணு எண்ணைக் குறிப்பதிலேயே பிழை! திருத்திப் படித்தால், அது ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் இருக்கிற சாதாரண விஷயம். டி.என்.ஏ. கைரேகை முறையைக் கண்டுபிடித்த அலெக் ஜெஃப்ரிஸே இதைச் சுட்டிக்காட்டியவர்களில் ஒருவர்.

2019-ல் ஒரு தடய அறிவியல் இதழில் முறையான கட்டுரை வந்தது. ஆனால், மரபணு வரிசையை எழுத்தாகக் கொடுக்காமல் வண்ணக் கட்டங்களாகப் போட்டிருந்தார்கள். சரிபார்க்க வழியில்லை. தவிர, அவர்கள் பயன்படுத்தியது தாய்வழியில் மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. ஒரே தாய்வழியில் வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது ஒன்றாகவே இருக்கும். ‘இவன் இல்லை’ என்று ஒருவனை விலக்க அது உதவும். ‘இவனேதான்’ என்று விரல் நீட்ட உதவாது. நூறு வருஷத்துக்கு மேலாக எத்தனையோ கைகள் தொட்ட துணி என்பது வேறு. 2024-ல் அந்த இதழே, மூலத் தரவுகள் கிடைக்கவில்லை என்று கூறி, கட்டுரையின் நம்பகத்தன்மை குறித்துக் கவலை தெரிவித்து அறிவிப்பு வெளியிட்டது.

விஞ்ஞானிகள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். நம் சாட்சியைக் கூப்பிடுவோம்.

கேத்தரினின் உடலில் இருந்தவை: பச்சை, கறுப்பு வெல்வெட் வைத்த வைக்கோல் தொப்பி. கழுத்தில் சிவப்புச் சல்லாத் துணி ஒரு துண்டு. போலி ரோமம் வைத்த ஜாக்கெட். ஒன்றன் மேல் ஒன்றாகப் பாவாடைகள். ஆண்கள் போடும் பூட்ஸ். பைகளில் இருந்தவை: புகைக்கும் களிமண் குழாய் இரண்டு. ஒரு தகர டப்பாவில் டீத்தூள், இன்னொன்றில் சர்க்கரை. சோப்புத் துண்டு ஆறு. சீப்பு. கத்தி. கரண்டி. ஊசியும் குண்டூசியும் குத்திய துணி. சணல் உருண்டை. வெள்ளைக் கந்தல் பன்னிரண்டு. உடைந்த மூக்குக்கண்ணாடி. ஒற்றைக் கையுறை. காலித் தீப்பெட்டி. கடுகுத் தகரத்துக்குள் அடகுச் சீட்டு இரண்டு.

காலித் தீப்பெட்டியைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்கள். கந்தலைக்கூட எண்ணியிருக்கிறார்கள். எட்டடி நீளப் பட்டுச் சால்வையை மட்டும் மறந்தார்களா? அதை எடுத்ததாகச் சொல்லப்படும் சிம்சன், மைட்டர் சதுக்கம் சேராத மெட்ரோபாலிடன் போலீஸைச் சேர்ந்தவர். அன்றிரவுப் பதிவுகளில் அவர் பெயரே இல்லை. இன்னொன்று: இரண்டு நாள் முன்புதான் சாப்பாட்டுக்காகப் பூட்ஸை அடகு வைத்திருந்தார் கேத்தரின். பட்டுச் சால்வை ஒன்று இருந்திருந்தால் அதுவல்லவா முதலில் அடகுக் கடைக்குப் போயிருக்கும்!

*

அந்தப் பூட்ஸ் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

கேத்தரினும் அவரோடு வாழ்ந்த ஜான் கெல்லியும் கென்ட் பகுதியில் ஹாப் பறிக்கும் கூலி வேலைக்குப் போய்விட்டுக் கால்நடையாக லண்டன் திரும்பியிருந்தார்கள். வழியில் கூட வந்த ஒரு பெண், ‘இதில் ஒரு சட்டை இருக்கிறது, உன் ஆளுக்குச் சேரும்’ என்று தன் அடகுச் சீட்டைக் கொடுத்தார். லண்டனில் கையில் காசில்லை. கெல்லியின் பூட்ஸை இரண்டரை ஷில்லிங்குக்கு அடகு வைத்தார் கேத்தரின். கெல்லி வாசலில் வெறுங்காலோடு நின்றார். அந்தக் காசில் வாங்கியவைதான் டப்பாக்களில் இருந்த டீத்தூளும் சர்க்கரையும்.

அதுவும் தீர்ந்த பிறகு, சனிக்கிழமை மத்தியானம், மகளிடம் கொஞ்சம் காசு கேட்டு வருவதாகச் சொல்லிப் போனார் கேத்தரின். நாலு மணிக்குள் வந்துவிடுவேன் என்றார். மகள் முன்பே வீடு மாறிப்போயிருந்தார், விலாசம் சொல்லாமல். ராத்திரி, கேத்தரின் குடித்துவிட்டு ஸ்டேஷனில் இருப்பதாக கெல்லிக்குத் தகவல் வந்தது. ‘சரி, ஞாயிறு காலை விட்டுவிடுவார்கள்’ என்று நிம்மதியாகத் தூங்கினார்.

இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையில், மைட்டர் சதுக்கத்துப் பெண்ணிடம் இருந்த அடகுச் சீட்டுகளைப் பற்றிப் படித்தார் கெல்லி. ஒன்றில் பர்ரல் என்ற பெயர், இன்னொன்றில் ஜேன் கெல்லி. சட்டைச் சீட்டும் பூட்ஸ் சீட்டும்! போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். சவக்கிடங்கில் அடையாளம் காட்டினார்.

பெயர் கேட்டபோது ‘ஒன்றுமில்லை’ என்று சொன்ன பெண்ணுக்கு, இரண்டு அடகுச் சீட்டுகள் பெயரை வாங்கிக்கொடுத்துவிட்டன. பாலிக்கு ஒரு சலவைக் குறி வாங்கிக்கொடுத்ததைப் போல. 1888-ல் எதையுமே சாதிக்கவில்லை என்று நாம் கேலி செய்யும் போலீஸ், இதைச் செய்திருக்கிறது. இறந்த பெண்களுக்கு அவர்களுடைய பெயரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அவர்களைப் பற்றி நாம் நிச்சயமாகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. 2019-ல் ஹேலி ரூபன்ஹோல்ட் என்ற வரலாற்றாசிரியை, கொலைகாரனை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு இந்த ஐந்து பேரின் வாழ்க்கையை மட்டுமே வைத்து ஒரு முழுப் புத்தகம் எழுதிக் காட்டினார்.

கொலைகாரனைப் பற்றி அப்படிச் சொல்ல நம்மிடம் எதுவும் இல்லை. பேசாமல் ‘தெரியவில்லை’ என்று விட்டுவிடலாம். அதற்கு மனசு வராமல், சந்தையில் விலைபோகும் ஒரு பெயர் வேண்டுமென்பதற்காக, 1888-ல் ஊர் எந்தத் திசையில் கை நீட்டியதோ அதே திசையில் மறுபடியும் நீட்டுகிறோம். பிழைக்க வந்த இன்னொரு யூதர். அதுவும் வாயைத் திறந்து ‘நான் இல்லை’ என்று சொல்ல முடியாத ஒரு மனநோயாளி.

ஜான் பைசருக்காவது அன்று எங்கே இருந்தார் என்று சொல்லச் சாட்சி இருந்தது. ஆரன் காஸ்மின்ஸ்கிக்கு இப்போதைக்கு இருப்பது ஒரு சாமான் பட்டியல் மட்டும்தான்.